ஹாஸ்டல் வரைக்கும் வந்த பஸ்

உட்காருங்க தம்பி. ஆர்டர் பார்த்தேன், எல்லாம் சரியா இருக்கு. கிளாஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, அவசரப்பட வேண்டாம். டீ சொல்லிருக்கேன், வரும். உங்க பேரு என்ன சொன்னீங்க... சரி, இருக்கட்டும், போகப் போகப் பழகிரும்.

யாரோட இடத்துக்கு வந்திருக்கீங்கன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா? சொல்லிருக்க மாட்டாங்க. கேன்டீன்ல போய் உட்கார்ந்தீங்கன்னா காதுல ஓதுறதுக்குன்னே ஆள் இருக்கு. வேற மாதிரி சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். அரசியல் அறிவியல் துறைக்கு நான்தான் தலைவர், நடந்ததெல்லாம் என் கண்ணு முன்னால நடந்தது. என்கிட்ட கேட்டுக்கிறதுதானே முறை.

ஜெசிந்தான்னு ஒரு அம்மா. தூத்துக்குடிப் பக்கம். உங்க வயசோ, ஒண்ணு ரெண்டு கூடவோ இருக்கும். வந்த முதல் வாரமே கிளாஸ்ல அத்தனை பேர் பேரும் மனப்பாடம். பேரு மட்டுமில்ல, எவன் எந்த ஊரு, எவ எந்தப் பஸ்ல வர்றா, எவன் காலைல சாப்பிடாம வர்றான், எல்லாம் தெரியும். மத்தியானம் ஸ்டாஃப் ரூம்ல சாப்பிடாது. டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டு வேப்பமரத்தடிக்குப் போயிரும். அங்க பசங்களோட உட்கார்ந்து, அவங்க ஊறுகாயை இது வாங்கி, இது மீனை அவங்களுக்குக் குடுத்து... ஒரு வாத்தியாருக்கு அது அழகா, நீங்களே சொல்லுங்க.

ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா, இடைவெளின்னு ஒண்ணு வேண்டாமா?"ன்னேன்.

"சார், நம்ம பசங்கள்ல பாதிப் பேர் காலைல வந்து சாயந்தரம் போற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் பேசுறதில்ல. கவனிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டுச்சு.

கவனிக்காம என்ன? நல்ல விஷயம்தானேன்னு சொன்னேன். பேசாம இருந்தா படிக்கிறான்னு அர்த்தம். நான் படிச்ச காலத்துல எங்க வாத்தியார் என்னை "ஏய்"ன்னுதான் கூப்பிடுவார். "ஏய், அந்த மூணாவது பெஞ்சு." கடைசி வரைக்கும் என் பேரு அவருக்குத் தெரியாது. ஒருநாள் கடைத்தெருவுல பார்த்து வணக்கம் வச்சேன், யாருன்னு கேட்டார். நான் என்ன கெட்டா போயிட்டேன்? இந்த நாற்காலில உட்காரலையா?

என் ரூம் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும், பார்த்தீங்கல்ல. இத்தனை வருஷத்துல ஒரு பையன் உள்ள வந்து குறைன்னு சொன்னதில்ல. குறை இல்ல, அதான் வரல. அந்தம்மா வந்த பிறகுதான் இங்க குறைன்னு ஒண்ணே முளைச்சது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 'குடிமையும் ஜனநாயகமும்'னு ரெண்டு வருஷமும் ஓடுற ஒரு பேப்பர். இன்னிலேர்ந்து நீங்க நடத்தப் போறதும் அதான். அத முப்பது வருஷமா நான்தான் நடத்தினேன். என் நோட்ஸை வச்சுப் படிச்சவன் இன்னிக்குப் பல ஊர்ல அதிகாரியா இருக்கான். ஜெசிந்தா வந்ததும் அந்த அம்மாகிட்டக் குடுத்தேன், சின்னவங்க வளரட்டும்னு. அதுதான் நான் பண்ணின தப்பு.

முதல் கிளாஸ்ல என்ன கேட்டிருக்குன்னா, "இந்த கேம்பஸ்ல எது உங்களோடதுன்னு உங்களுக்குத் தோணுது?" இது ஒரு கேள்வியா? பசங்க முழிச்சிருக்காங்க. ஒருத்தன் மட்டும், சைக்கிள் ஸ்டாண்டுல என் சைக்கிள் இருக்கிற இடம்னு சொல்லிருக்கான். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. இந்தம்மா சிரிக்கலையாம். "சரி, அங்கேர்ந்து ஆரம்பிப்போம்"னு சொல்லிச்சாம். சைக்கிள் ஸ்டாண்டுலேர்ந்து ஜனநாயகத்தை ஆரம்பிக்கிற ஆளு, பார்த்துக்கோங்க.

அந்த கிளாஸ்ல தர்சிகான்னு ஒரு பொண்ணு. கடைசி பெஞ்சு. வாய் இருக்கா இல்லையான்னே தெரியாது. ஜனவரில வாக்காளர் உறுதிமொழி எடுப்போம்ல, துறைல நான்தான் ஏற்பாடு பண்ணினேன். ஹால்ல எல்லாரையும் நிறுத்தி, வலது கையை நீட்டச் சொல்லி, நான் முன்னால சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்றாங்க. பார்த்தா இந்தப் பொண்ணு கையை நீட்டல. வாயும் அசையல. சும்மா நிக்குது.

எனக்கு எப்படி இருக்கும்? நிறுத்திட்டேன். "ஏய், கடைசி வரிசை, உனக்கு மட்டும் தனியாச் சொல்லணுமா?"ன்னேன்.

"இல்ல சார்."

"அப்போ கையை நீட்டு."

"எனக்கு ஓட்டு இல்ல சார்."

"இல்லன்னா போய் அப்ளை பண்ணு. பதினெட்டு வயசு தாண்டியும் ஓட்டுக்குப் பதியாம இருக்கியே, வெட்கமா இல்ல? நீயெல்லாம் ஒரு குடிமகளா?"

"தர மாட்டாங்க சார். நான் முகாம்ல இருக்கேன்."

இலங்கைத் தமிழர் முகாம். இங்கேர்ந்து ஒரு மணி நேரப் பயணம். எனக்கு எப்படித் தெரியும்? சேர்க்கை எல்லாம் ஆபீஸ் பார்க்கிறது. நெத்திலயா எழுதியிருக்கு? பேச்சும் நம்ம பசங்க பேசுற மாதிரிதான் இருந்துச்சு. நான் சும்மா விட்டிருக்கலாம். ஆனா ஒரு பேராசிரியர், எல்லார் முன்னாலயும், பாதில எப்படி விடுறது? அதனால நியாயமான ஒரு கேள்வி கேட்டேன். "அப்போ இந்த டிபார்ட்மென்ட்ல ஏம்மா சேர்ந்த?"

பையை எடுத்துக்கிட்டு வெளிய போயிருச்சு. நான் உறுதிமொழியை முதல்லேர்ந்து ஆரம்பிச்சு நல்லபடியா முடிச்சேன். போட்டோ எல்லாம் வந்துச்சு.

மறுநாள்லேர்ந்து அந்தப் பொண்ணு வரல. ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு. அட்டெண்டன்ஸ் குறையுதுன்னு நான் பேரை அடிச்சிருப்பேன். ஜெசிந்தா இங்க வந்து, நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலதான், நின்னுக்கிட்டே பேசுச்சு.

"சார், நீங்க ஒரு வார்த்தை பேசினா அந்தப் பொண்ணு வந்துரும்."

"நான் என்னம்மா பேசணும்? நான் திட்டினேனா? கேள்விதான் கேட்டேன்."

"அந்தக் கேள்வியை அவ பிறந்ததுலேர்ந்து எல்லாரும் கேட்டுட்டாங்க சார். இங்கயாவது கேட்க மாட்டாங்கன்னு நினைச்சு வந்திருப்பா."

எப்படிப் பேச்சு பாருங்க. நான் முடியாதுன்னுட்டேன். அந்தம்மாவே ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி முகாமுக்குப் போயிருக்கு. அங்க வீட்டுல சோறு சாப்பிட்டிருக்கு. என்ன பேசுச்சோ, அந்தப் பொண்ணு திரும்பி வந்துருச்சு. வந்து, கடைசி பெஞ்சுல உட்காரல. நடுவுல, மத்த பிள்ளைங்களுக்கு நடுவுல. அதுக்கு ரெண்டு பக்கமும் உட்காரப் போட்டி வேற.

அதுக்கப்புறம்தான் இந்த பஸ் விவகாரம். நம்ம பஸ் ஸ்டாப் மெயின் ரோட்டுல இருக்கு. பெண்கள் ஹாஸ்டல் உள்ள, கடைசில. சாயந்தரம் டவுன்லேர்ந்து திரும்புற ஹாஸ்டல் பிள்ளைங்களை பஸ் மெயின் ரோட்டுலயே இறக்கிவிட்டுட்டுப் போயிரும். பிள்ளைங்க அந்த முள்ளுக்காட்டு ரோட்டுல நடந்துதான் போகணும். ரொம்ப வருஷமா அப்படித்தான். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. இந்தம்மா கிளாஸ்ல, எதையாவது ஒண்ணை மாத்தணும்னா எதை மாத்துவீங்கன்னு கேட்டு, பசங்க கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு, இந்த பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தாங்களாம். யார் போய்ப் பேசுறதுன்னும் ஓட்டு. அதுல ஜெயிச்சது யாரு? ஓட்டே இல்லாத பொண்ணு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

முதல்ல டிரைவர்கிட்டக் கேட்டிருக்காங்க. உள்ள வரலாம், ஆனா ஹாஸ்டல் வாசல்ல பஸ்ஸைத் திருப்ப இடமில்லம்மான்னு சொல்லிட்டாராம். ஏன் இடமில்ல? ஏதோ ஒரு கட்டடத்துக்குன்னு கொட்டின ஜல்லி அங்கயே மலை மாதிரி கிடக்கு. அந்தக் கட்டடமும் வரல, ஜல்லியும் போகல. உடனே இந்தப் பசங்க, கேம்பஸ் கட்டடம் ரோடெல்லாம் பார்த்துக்கிற எஸ்டேட் ஆபீசுக்குப் போயிட்டாங்க. என்கிட்டச் சொல்லல. துறைத் தலைவர்னு ஒருத்தன் இருக்கேன், என் வழியாப் போகணும்னு தெரியாது?

எஸ்டேட் ஆபீசர் நமக்கு வேண்டியவர். அவரே சொல்லிச் சிரிச்சார். தினமும் மத்தியானம் இந்தப் பொண்ணு ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து பெஞ்சுல உட்கார்ந்துக்குமாம். சத்தம் போடாது, சண்டை போடாது. "என்ன சார் ஆச்சு?"ன்னு மட்டும் கேட்குமாம். நாளைக்கு வாம்மான்னா நாளைக்கு வருமாம். அதுக்குப் பழக்கம் போல, சின்ன வயசுலேர்ந்து அப்பாகூட எத்தனை ஆபீஸ் வாசல்ல நின்னிருக்கும். ஒருநாள் இவரு எரிச்சல்ல, "நீ யாரும்மா இதக் கேட்கிறதுக்கு?"ன்னுருக்கார்.

"இங்க படிக்கிறேன் சார். தினமும் அந்த ரோட்டுல பிள்ளைங்களோட நடக்கிறேன்"னு சொல்லிச்சாம். அது ஹாஸ்டல்கூட இல்ல தம்பி, முகாம்லேர்ந்து வந்து போற பொண்ணு. ஹாஸ்டல் பிள்ளைங்களைக் கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பி மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறுமாம். வேலையத்த வேலை.

கடைசில ஜல்லியை அள்ளிட்டாங்க. டெப்போ மேனேஜரையும் போய்ப் பார்த்திருக்காங்க. ஒரு சாயந்தரம் பஸ் திடீர்னு உள்ள திரும்பி, ஹாஸ்டல் வாசல் வரைக்கும் போச்சு. நான் இந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். பிள்ளைங்கல்லாம் இறங்கி டிரைவருக்குக் கை குடுக்குதுங்க. பசங்க ஓரமா நின்னு பார்த்துக்கிட்டிருக்கானுங்க. அந்தக் கூட்டத்துல ஜெசிந்தா இல்ல. அது மட்டும் எனக்கு ஆச்சரியம். நானா இருந்தா முன்னால நின்னிருப்பேன்.

மறுநாள் ரிஜிஸ்ட்ரார் வழில பார்த்து, "உங்க துறைப் பசங்க நல்ல வேலை பண்ணிருக்காங்களே, யாரு ஏற்பாடு?"ன்னார். யாரு ஏற்பாடுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? எனக்கே தெரியாம நடந்ததுன்னா? அந்த இடத்துல எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கே அவர் ரூமுக்குப் போயி உள்ளதைச் சொன்னேன். பசங்களைத் தூண்டிவிடுறாங்க, இன்னிக்கு ஜல்லி, நாளைக்கு ஸ்ட்ரைக்குன்னு சொன்னேன். அதோட, இந்த நாட்டைச் சேராத ஒரு பொண்ணை முன்னால நிறுத்துறாங்கன்னும் சொன்னேன். உண்மைதானே? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?

நான் சொன்னது எங்க எங்கயோ போயிருச்சு. அதுக்கு நான் பொறுப்பில்ல. முகாமுக்கு யாரோ போலீஸ்காரர் போய் வீட்டுல விசாரிச்சிருக்கார். பொண்ணு எங்க போகுது, யாரோட பேசுதுன்னு. அவங்களுக்கு அது வழக்கம்தான்.

ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பொண்ணோட அப்பன்காரர் இங்க வந்தார். பெயின்ட் அடிக்கிற வேலை. கை விரல்லெல்லாம் வெள்ளை. வேலைலேர்ந்து நேரா வந்திருக்கார். நான் ஒரு வேலையா இருந்தேன், வெளிய நிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னார். கொஞ்ச நேரம்னா, மத்தியானம் வரைக்கும். உள்ள கூப்பிட்டதும் உட்காரச் சொன்னேன், உட்காரல.

"ஐயா, பிள்ளை ஏதும் பிழை விட்டிருந்தா சொல்லுங்கோ. நாங்கள் கண்டிக்கிறம்"னார்.

"பிழைன்னு இல்ல. பொண்ணு படிக்க வந்தா படிக்கணும். ஆபீஸ் ஆபீசாப் போயி நிக்கக் கூடாது. ஒழுங்கா இருக்கச் சொல்லுங்க."

"சொல்லுறன் ஐயா." வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி, "அவள் இங்கதான் பிறந்தவள். இங்கத்த கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலதான்"னார்.

"அதுக்கு நான் என்ன பண்றது?"ன்னேன்.

"ஒண்டுமில்ல ஐயா. சும்மா சொன்னனான்"னு கும்பிட்டுட்டுப் போனார். வராண்டால ஜெசிந்தா எதிர்ல வந்துச்சு. அந்தாளு அதுகிட்டயும் கும்பிட்டார். இந்தம்மா அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. பெயின்ட் காயாத கை. அதுக்கு வித்தியாசமே தெரியாது.

அப்புறம் விசாரணை. மூணு மூத்த பேராசிரியர்கள், நான் புகார் சொன்னவன்ங்கிறதால ஓரமா ஒரு நாற்காலி. ஜெசிந்தா எடுத்த எடுப்புலயே, "எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. பசங்களைக் கூப்பிட வேண்டாம். முக்கியமா தர்சிகாவை இதுல கொண்டுவர வேண்டாம்"னு சொல்லிருச்சு. எனக்கு நிம்மதியாப் போச்சு. ஒத்துக்கிச்சுல்ல, முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

கதவைத் தட்டுற சத்தம். திறந்தா வராண்டா முழுக்கப் பசங்க. மொத்த கிளாஸும். உள்ள வரலாமா சார்னு கேட்கிறாங்க. ஒருத்தரும் கூப்பிடலையேன்னு விசாரணைக் குழுத் தலைவரு சொன்னார். "தெரியும் சார், நாங்களாத்தான் வந்தோம்"னு சொல்லிட்டு ஒவ்வொருத்தரா உள்ள வந்து பேரைச் சொல்லி, "நானும் போனேன் சார்"னு சொல்றாங்க. என் பேரு அழகுசுந்தரி, நானும் போனேன் சார். என் பேரு ஷாஹிதா, டெப்போவுக்கு நானும் போனேன் சார். என் பேரு செல்வின். இப்படியே. உண்மையச் சொன்னா, பாதிப் பேரோட பேரு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அதுல பேச்சிமுத்துன்னு ஒருத்தன். அவனுக்குத் திக்கும். அது எனக்குத் தெரியாது, திமிர் பிடிச்சவன், அதான் கேள்வி கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறான்னு நினைச்சிருந்தேன். அவன் தன் பேரைச் சொல்லவே அவ்வளவு நேரம் ஆச்சு. சொல்லிட்டு விட்டானா? ஜல்லி, எஸ்டேட் ஆபீஸ், டிரைவர், எல்லாத்தையும் சொல்லணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஒரு வார்த்தை, அப்புறம் ஒரு நிறுத்தம், அடுத்த வார்த்தை. அந்தக் கூட்டத்துல ஒருத்தன் சிரிக்கல. ஒருத்தன் எடுத்துக் குடுக்கல. அவன் முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்னாங்க. தலைவரும் பேனாவைக் கீழ வச்சுட்டார். எனக்கு எரிச்சல் தாங்கல, கடிகாரத்தப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

கடைசில தர்சிகா வந்துச்சு. "என் பேரு தர்சிகா. நான்தான் சார் பேசினேன். மேடம் சொல்லிக் குடுத்துப் பேசல. பயமாத்தான் இருந்துச்சு. இவங்கல்லாம் கூட வந்தாங்க, அதனால பேசினேன்."

ஜெசிந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அழுதுச்சோ என்னவோ, நான் பார்க்கல.

தப்பு ஒண்ணும் இல்லன்னு குழு சொல்லிருச்சு. அந்தப் பொண்ணு மேலயும் ஒண்ணும் வரல. படிக்குது, இப்ப ரெண்டாவது வருஷம். ஆனா நிர்வாகம் நம்ம பக்கமும் பார்க்கணும்ல? ஜெசிந்தாவை மலையடிவாரத்துல இருக்கிற உறுப்புக் கல்லூரிக்கு மாத்திட்டாங்க. நிர்வாகக் காரணம்னு. போற அன்னிக்கு இங்க வந்து, "வர்றேன் சார். பசங்களைப் பார்த்துக்கோங்க"ன்னுச்சு. என்னமோ என் பசங்களை இது எனக்கு ஒப்படைக்கிற மாதிரி.

இப்ப சனிக்கிழமையானா இங்கேர்ந்து சில பேர் பஸ் ஏறி அங்க போறாங்களாம். போகட்டும். அங்க ஏதோ தண்ணிக் குழாய்ப் பிரச்சினையாம். எனக்கென்ன.

இன்னொண்ணு சொல்லணும். போன மாசம் வெளியூர்ல ஒரு கருத்தரங்கு. மாணவர்களிடம் குடிமைப் பண்பை வளர்ப்பதில் ஆசிரியர் பங்குன்னு தலைப்பு. நம்ம துறை சார்பா நான்தான் பேசினேன். இந்த பஸ் விஷயத்தைத்தான் சொன்னேன். துறையோட சாதனைதானே, யாரு சொன்னா என்ன. நல்ல கைதட்டல். ஒரு அம்மா எந்திரிச்சு, "அந்தப் பசங்களை எப்படி சார் பேச வச்சீங்க?"ன்னு கேட்டாங்க. கண்டிப்பும் அன்பும்தான்னு சொன்னேன்.

ஜெசிந்தா போனதும் அந்த பேப்பர் மறுபடி என்கிட்ட வந்துச்சு. நீங்க வர்ற வரைக்கும் நான்தான் எடுத்தேன். கிளாஸ் பழையபடி அமைதியாயிருச்சு. நான் பேசினா பேனா ஓடுற சத்தம் மட்டும்தான். நேத்து குடிமக்களின் கடமைகள் நடத்தினேன். சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு எப்பவும் கேட்கிற மாதிரி கேட்டேன். யாரும் கேட்க மாட்டாங்கன்னு தெரியும். இந்தப் பேச்சிமுத்து எந்திரிச்சான். "சா... சா..."ன்னு ஆரம்பிச்சான். பாடம் முடிக்க வேண்டியது இன்னும் கிடக்கு. "எழுதிக் குடுடா, நேரமாகுது, உட்காரு"ன்னேன்.

உட்காரல.

அந்த தர்சிகா எந்திரிச்சுச்சு. "அவன் சொல்லி முடிக்கட்டும் சார்."

"இது என் கிளாஸ்மா."

"எங்க கிளாஸும்தான் சார்."

சொல்லிட்டு நின்னுச்சு. பக்கத்துல இருந்தது எந்திரிச்சுச்சு. அதுக்குப் பின்னால ரெண்டு. அப்படியே மொத்த கிளாஸும் எந்திரிச்சு நின்னுருச்சு. கத்தல, கோஷம் போடல, ஒரு முகத்துலயும் கோபமே இல்ல. அவனைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க, என்னைப் பார்க்கல.

நான் விட்டுக்குடுக்கிற ஆளு இல்ல தம்பி. பாடத்தை நிறுத்தல. நின்னா நிக்கட்டும்னு, விட்ட இடத்துலேர்ந்து எடுத்து, கடமைகள் அத்தனையும் மணி அடிக்கிற வரைக்கும் நடத்தி முடிச்சேன். ஒரு பேனா அசையல. மணி அடிச்சதும் புஸ்தகத்தை மூடிக்கிட்டு வெளிய வந்துட்டேன். வராண்டால நடந்து வர்றேன், பின்னால ஒரு காலடிச் சத்தம் கேட்கல, ஒருத்தனும் வெளிய வரல. அந்தப் பையன் குரல் மட்டும் கேட்டுச்சு. விட்டு விட்டு. அவன் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கான், அவங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க.

என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. நான் நிக்கல.